பஸ்ஸுக்கு நிற்கும் கொழுந்துக்காரி

"ஏங்க, இந்தப் பிள்ள எந்த பஸ்ஸுக்கு நிக்கிது?"

போன மாதம் ஒரு சாயங்காலம், என் தோளுக்குப் பின்னால் நின்றுகொண்டு செல்வி கேட்டாள். செல்வி என் மனைவி. இருபத்து நான்கு வருடமாக எஸ்டேட்டில் தேயிலைக் கொழுந்து எடுக்கிறவள். என் முன்னால் டேப்லெட். அதில் நான் ஒன்பது நாள் உட்கார்ந்து வரைந்த ஒரு கொழுந்துக்காரி. பெரிய கண்கள், காற்றில் பறக்கும் கூந்தல், கையில் கொழுந்து வெட்டும் கத்திரி. இரண்டு காலையும் சேர்த்து வைத்து, நெஞ்சை நிமிர்த்தி, ஸ்கூல் அசெம்பிளியில் நிற்கிற மாதிரி நின்றுகொண்டிருந்தாள்.

"பஸ்ஸுக்கு இல்ல செல்வி. கொழுந்து எடுக்கிறா."

"யாரு, இவளா?"

"ஆமா."

செல்வி இன்னும் கொஞ்சம் குனிந்து பார்த்தாள். "சரி, எடுக்கட்டும். மூணாறு பஸ் வந்தா கைகாட்டச் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

ஒன்பது நாள் உழைப்பு, நண்பர்களே! ஒரே வாக்கியத்தில் முடித்துவிட்டாள்.

நடந்ததை முதலிலிருந்து சொல்கிறேன். சித்திரபுரத்தில் எஸ்டேட் வரிசை வீடுகளான எங்கள் லயத்துப் பெண்கள் பதினொரு பேர் சேர்ந்து ஒரு குழு வைத்திருக்கிறார்கள். ரோட்டில் பெரிய வளைவு இருக்கிறதே, சுற்றுலா வண்டிகள் போட்டோ எடுக்க நிறுத்துகிற இடம்... அங்கே முறை வைத்து ஒரு டீக்கடை நடத்துவது என்று முடிவு. பஞ்சாயத்தில் அபேட்சை எழுதிக் கொடுத்து அனுமதியும் வாங்கியாகிவிட்டது. குழுவுக்கு செல்விதான் பிரசிடெண்ட். கடைக்கு ஒரு போர்டு வேண்டும். போர்டில் கொழுந்து எடுக்கிற ஒரு பெண்ணின் படம் வேண்டும். அது தங்களைப் போலவே இருக்க வேண்டும் என்பதில் பதினொரு பேரும் உறுதியாக இருந்தார்கள்.

ஏன் என்று மாரியம்மா விளக்கினாள். மாரியம்மா குழுவின் செகரட்டரி. அவள் லயத்தில் பேசினால் பேக்டரியில் சங்கு ஊதத் தேவையில்லை.

"ஊரு பூரா போர்டுல நாங்கதான் இருக்கோம்ணே. ரிசார்ட்டுல, ஜீப்புல, சாக்லேட் கடையில... எல்லாத்துலயும் ஒரு செவத்த பிள்ள கூடையத் தூக்கிக்கிட்டு ஈன்னு இளிக்கிது. அது யாருன்னே எங்களுக்குத் தெரியாது. எங்க கடையிலயாவது நாங்க இருக்க வேணாமா?"

நியாயம்தானே? குழுவில் ஒருத்தி போனில் ஏஐயிடம் கேட்டுப் பார்த்தாள். வந்த பெண் அட்டிகை, ஒட்டியாணம், உதட்டுச்சாயத்தோடு வந்தாள். கல்யாண மண்டபத்திலிருந்து நேராகத் தேயிலைக் காட்டுக்குள் இறங்கியவள் போல. "இவள வேலைக்கு வச்சா மொத நாளே மறுவீட்டுக்குப் போகணும்னு லீவு கேப்பா" என்று மாரியம்மா அவளை அனுப்பிவைத்தாள்.

அந்த நேரத்தில் நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம் அல்லவா?

"நான் வரஞ்சு தர்றேன்" என்றேன்.

இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்கு என் பூர்வீகம் தெரியும். கீபோர்டு கற்றுக்கொள்கிறேன் என்று ஒரே பாட்டின் முதல் வரியோடு நின்றவன். தேனீ வளர்க்கிறேன் என்று பெட்டி வாங்கி, தேனீக்கள் ஒரு வாரத்தில் வேறு நல்ல குடும்பம் பார்த்துப் போய்விட்ட கதையும் இங்கேயே எழுதியிருக்கிறேன். பதினொரு பெண்களும் என்னைப் பார்த்தார்கள். பத்துப் பேர் நம்பிக்கையோடு பார்த்தார்கள். செல்வி மட்டும் என்னைக் கட்டிக்கொண்டவளாகப் பார்த்தாள்.

பேனாவோடு ஒரு டேப்லெட் வாங்கினேன். விலையைக் கேட்காதீர்கள், செல்வியே கேட்டு ஓய்ந்துவிட்டாள். அப்புறம் டுடோரியல் வேட்டை. 'பத்தே நிமிடத்தில் கேரக்டர் வரையலாம்' என்று ஒரு வெளிநாட்டுத் தம்பி வீடியோ போட்டிருந்தான். அவன் ஒரு முட்டை வரைந்தான். நானும் ஒரு முட்டை வரைந்தேன். அவன் முட்டையின் குறுக்கே இரண்டு கோடு போட்டான். நானும் போட்டேன். அப்போது எனக்கு ஒரு தும்மல் வந்தது. தும்மி முடித்துப் பார்த்தால் அவன் முட்டைக்கு மூக்கு, முழி, கன்னத்தில் குழி எல்லாம் வந்துவிட்டது. என் முட்டை முட்டையாகவே இருந்தது.

'சிம்பிள்' என்று சொல்லிச் சிரித்தான் அந்தப் படுபாவி.

எங்கள் ஊரில் பனி இறங்கினால் நெட் நின்றுவிடும். அவன் வாயைத் திறந்தபடி, பேனாவை அந்தரத்தில் பிடித்தபடி உறைந்து போவான். அந்த இடைவெளியில்தான் என்னால் அவனுக்குச் சமமாக வரைய முடிந்தது.

பிரஷ்ஷில்தான் சூட்சுமம் இருக்கிறது என்று இருநூறு பிரஷ் இறக்கினேன். மேகத்துக்கு ஒன்று, துருவுக்கு ஒன்று, நாய் முடிக்கு ஒன்று. லேயர் என்று ஒரு சங்கதி. கண்ணாடித் தாள்களை அடுக்கினாற்போல ஒன்றின்மேல் ஒன்றாக வரைந்துகொண்டே போகலாம். நான் அறுபத்து மூன்று தாள் அடுக்கி, எதற்கும் பெயர் வைக்காமல், கண்ணிமையைச் சட்டை இருக்கிற தாளில் வரைந்துவிட்டேன். சட்டையை நகர்த்தினால் அவள் கண்ணடித்தாள்.

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். திரையில் இரண்டு விரலால் தட்டினால் கடைசியாகச் செய்த தப்பு மறைந்துவிடும். ஆகா, என்ன ஒரு வரம்! அதற்கு அடிமையாகிவிட்டேன். ஒருநாள் டீயைக் கொட்டிவிட்டு மேஜையை இரண்டு விரலால் தட்டினேன். இன்னொரு நாள் மாரியம்மாவின் புருஷன் பெயரை மாற்றிச் சொல்லிவிட்டு, அவள் முன்னாலேயே சுவரைத் தட்டினேன். காரணம் கேட்டு, அவள் அதை லயம் முழுக்கச் சொல்லிச் சிரித்தாள்.

வீடியோக்களுக்குக் கீழே அனுபவசாலிகள் எல்லோரும் ஒரே பாட்டைத்தான் பாடியிருந்தார்கள். அடிப்படையைப் படி, அடிப்படையைப் படி. பெட்டி வரை, உருளை வரை, பந்து வரை. அப்புறம் ஆள் எப்படி நிற்கிறான், எடை எந்தக் காலில் இறங்குகிறது என்று பார்த்து முப்பது விநாடியில் கிறுக்கிப் பழகு. சரி என்று பெட்டியில் தொடங்கினேன். ஒரு வாரம் பெட்டியாகவே வரைந்தேன்.

"தீப்பெட்டி ஆபீஸ்ல வேல கெடச்சிருச்சாக்கும்?" என்றாள் செல்வி.

ரோஷம் வந்துவிட்டது. பெட்டியை விட்டேன். எடை, கால் என்ற அந்தப் பாடத்தைத் திறந்தே பார்க்கவில்லை, முகப்புப் படமே கிறுக்கல் கிறுக்கலாக இருந்தது. நேராகக் கண், மூக்கு, காதுக்குப் போய்விட்டேன். காதுக்கு நிழல் போடும் வீடியோ ஓடிக்கொண்டிருந்தபோது செல்வி உள்ளேயிருந்து, "ஏங்க, அந்த முட்டித் தைலத்த எடுத்துத் தாங்களேன்" என்றாள்.

"ஒரு நிமிஷம். காது முடியட்டும்" என்றேன்.

காது முடிய முக்கால் மணி நேரம் ஆனது. அதற்குள் அவளே சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்துபோய் எடுத்துக்கொண்டாள். நான் காதை நன்றாக வரைந்திருந்தேன்.

முதல் கொழுந்துக்காரி பிறந்தாள். கையும் காலும் எனக்கு வரவில்லை. விரல் வரைந்தால் வாழைச்சீப்பு மாதிரி வந்தது. பாதம் வரைந்தால் இஸ்திரிப் பெட்டி. என்ன செய்யலாம்? இடுப்பளவுக்குத் தேயிலைச் செடி வரைந்து, கை, கால் இரண்டையும் அதற்குள் அமுக்கிவிட்டேன். ஆண்டவன் தேயிலைச் செடியை எதற்குப் படைத்தான் என்று அன்றைக்குத்தான் எனக்குப் புரிந்தது.

குழுக் கூட்டத்தில் காட்டினேன்.

"கை எங்கண்ணே?" என்றாள் மாரியம்மா.

"செடிக்குள்ள இருக்கு."

"கொழுந்து செடிக்கு மேலதான இருக்கு? உள்ள விட்டு என்னத்தத் தேடுறா, கம்மலத் தொலச்சிட்டாளா?"

பெண்கள் சிரித்து உருண்டார்கள். நானும் சிரித்தேன். வேறு வழி? சிரிப்பு அடங்கியதும் மாரியம்மா தன் இரண்டு உள்ளங்கையையும் விரித்து என் முன்னால் நீட்டினாள். கோடு தெரியாமல் கறை ஏறிப் போயிருந்தது. "இந்தக் கைய வச்சுத்தாண்ணே ரெண்டு பிள்ளையப் படிக்க வச்சேன். அதப் போயி ஒளிச்சு வச்சிட்டீகளே" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் எனக்குச் சுருக்கென்றது. அன்றைக்கு உண்மையிலேயே வெட்கப்பட்டேன்.

அப்புறம் ஒன்பது நாள் கையையும் பாதத்தையும் வரைந்து, கத்திரி கொடுத்து, வெளியே நிறுத்தியவள்தான் இந்த பஸ்ஸுக்கு நிற்கிற பெண். அதற்குள் உத்காடனத்துக்கு நாள் குறித்துவிட்டார்கள். வார்டு மெம்பர் வந்து திறந்துவைக்கிறார். அடிமாலியில் போர்டு அடிக்கிற கடைக்காரர் போன் செய்து, "வெள்ளியாழ்ச்சைக்குள்ள பைல் வந்நில்லெங்கில், என்றெ கையில் ஒரு நல்ல படம் உண்டு. அது வெச்சு அடிக்கட்டே?" என்று கேட்டார். அவர் கையில் இருந்த நல்ல படத்தை அனுப்பவும் செய்தார். அதே செவத்த பிள்ளை. அதே கூடை. அதே இளிப்பு.

வெள்ளிக்கிழமைக்கு நான்கு நாள்தான் இருந்தது. நான் சொதப்பினால், பதினொரு பெண்களும் ஆசையாகப் போட்ட கடையின் நெற்றியில் அந்த யாரோ ஒருத்திதான் உட்காருவாள். செல்வி திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. "முடியலன்னா சொல்லிருங்க. நான் குழுவுல சொல்லிக்கிறேன்" என்றாள்.

"நாளைக்கு நான் காட்டுக்கு வர்றேன்" என்றேன்.

"எதுக்கு?"

"பாக்கிறதுக்கு."

இதில் ஒரு கேவலம் என்ன தெரியுமா? எனக்குச் சோறு போடுகிற வேலையே தேயிலையை விளக்குவதுதான். பேக்டரிக்கு வருகிற விசிட்டர்களைச் சுற்றிக் காட்டுகிறேன், பதினெட்டு வருடமாக. 'இரண்டு இலை, ஒரு மொட்டு' என்று இரண்டு விரலைக் குவித்து, மல்லிகை பறிக்கிற மாதிரி நளினமாகக் கிள்ளிக் காட்டுவேன். கைதட்டுவார்கள். எங்கள் பெண்கள் கத்திரியால் வெட்ட ஆரம்பித்து எத்தனையோ வருடம் ஆயிற்று. அவர்கள் வெட்டும்போது பக்கத்தில் போய் நின்று பார்த்தது... யோசித்துப் பார்க்கிறேன்... இல்லை.

அடுத்த நாள் லீவு போட்டேன். சூப்பர்வைசரிடம் சொல்லிவிட்டு, காட்டுக்குக் கீழே பாதையோரம் ஒரு கல்லில் டேப்லெட்டோடு உட்கார்ந்தேன். நான் திறக்காமல் விட்ட பாடத்தைத்தான் இப்போது செய்தாக வேண்டும். முப்பது விநாடியில் ஓர் ஆள். அழகாக வரையக் கூடாது, எடை எங்கே இறங்குகிறது என்று மட்டும் பார்க்க வேண்டும். அவர்களோ எனக்காக நிற்கப் போவதில்லை. செடிக்குச் செடி நகர்ந்துகொண்டே இருந்தார்கள். கடகடவென்று கத்திரிச் சத்தம். நான் தலையை வரைவதற்குள் ஆள் மாறிவிடும்.

இருபது கிறுக்கலுக்குப் பிறகுதான் ஒன்று உறைத்தது. ஒருத்திகூட நேராக நிற்கவில்லை!

மேட்டுப் பக்கத்துக் கால் மடங்கியிருக்கிறது. பள்ளத்துப் பக்கத்துக் கால் விறைப்பாக ஊன்றியிருக்கிறது. இடுப்பு ஒரு பக்கம் சாய்ந்து செடியில் முட்டுக்கொடுத்திருக்கிறது. முதுகில் சாக்கு, கையில் கத்திரி. அத்தனை கனமும் தோளில் தொடங்கி, இடுப்பு வழியாக, அந்த ஒற்றை முட்டியில் போய் இறங்குகிறது.

டுடோரியலில் முதல் பாடம் என்ன? தரைக்கோடு. இடமிருந்து வலமாக நேராக ஒரு கோடு இழு, அதன்மேல் உன் ஆளை நிறுத்து என்றான் அந்தத் தம்பி. அவன் ஊரில் தரை அப்படி இருக்கும் போல. எங்கள் ஊரில் அப்படி ஒரு தரையே கிடையாதே! கோலி விளையாடினால் குண்டு அடுத்த லயத்துக்கு உருண்டு ஓடுகிற ஊர் இது. ஐம்பத்திரண்டு வருடமாக இந்தச் சரிவில் பிறந்து, வளர்ந்து, வழுக்கி விழுந்த நான், தரை என்றதும் கிரிக்கெட் மைதானத்தை வரைந்து அதில் என் பெண்டாட்டியை நிறுத்தியிருக்கிறேன். பிறகு பஸ்ஸுக்கு நிற்காமல் என்ன செய்வாள்?

கோட்டைச் சாய்த்துப் போட்டேன். அவ்வளவுதான். அதன்மேல் கிறுக்கியவள் கிறுக்கலாகவே உயிரோடு நின்றாள்.

சந்தோஷம் தாங்கவில்லை. அந்த நிலையில் நானே நின்று பார்க்கலாம் என்று செடிகளுக்கு நடுவே ஏறினேன். ஒரு காலை மடக்கி, ஒரு காலை ஊன்றி, கத்திரி பிடிப்பதாகக் கையை நீட்டி... ஐந்து நொடி நின்றிருப்பேன். ஊன்றிய கால் வழுக்கியது. டேப்லெட்டை மட்டும் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டு, பின்பக்கத்தால் சறுக்கி, நேராகத் தண்ணி ஓடுகிற கானில் போய் உட்கார்ந்தேன்.

கத்திரிச் சத்தம் மொத்தமும் நின்றது.

"அண்ணே!" மேலேயிருந்து மாரியம்மாவின் குரல். "ரெண்டு வெரலால தட்டுங்கண்ணே, அழிஞ்சிரும்!"

அன்றைக்குக் காடு முழுக்கச் சிரித்த சிரிப்பு இன்னும் எனக்குக் கேட்கிறது. செல்வி மட்டும் இறங்கி வந்து கை கொடுத்துத் தூக்கிவிட்டாள். அப்போதும் அவளுடைய பள்ளத்துப் பக்கத்துக் கால் சரியாக ஊன்றியிருந்ததைக் கவனித்தேன்.

மூன்று நாளில் வரைந்து முடித்தேன். தலையில் துண்டு, முழுக்கைச் சட்டை, இடுப்பில் கட்டிய பிளாஸ்டிக் தாள். மூக்கு எனக்கு வரவே இல்லை, ஏதோ ஒன்று வைத்தேன். வெள்ளிக்கிழமை மதியம் பைலை அனுப்பினேன். "ஓகேயாணோ சேட்டா?" என்றார் கடைக்காரர். "ஓகே, ஓகே" என்றேன், பெரிய ஆர்ட்டிஸ்ட் தோரணையில்.

உத்காடன நாள். மெம்பர் துணியை விலக்கினார். நான் போர்டைப் பார்த்தேன். ஐயோ!

வரைகிறவர்கள் ஒரு வழக்கம் வைத்திருக்கிறார்கள். நடுநடுவே படத்தைக் கண்ணாடியில் தெரிவதுபோல இடம் வலமாகத் திருப்பிப் பார்த்தால் கோணல் பளிச்சென்று தெரியும். நானும் திருப்பிப் பார்த்தேன். திரும்ப மாற்றி வைக்காமல் அப்படியே அனுப்பியிருக்கிறேன்! கடைப்பெயரை அவர் தனியாக அடித்ததால் எழுத்து தப்பித்தது. பெண் மட்டும் மாறி நிற்கிறாள்.

டீ விளக்குகிற எனக்கே தெரிகிறது, வெட்டுகிறவர்களுக்குத் தெரியாதா?

"ஏய்... இவ பீச்சாங்கைக்காரியால்ல இருக்கா?" என்றாள் மாரியம்மா.

எல்லாத் தலையும் என் பக்கம் திரும்பியது. நான் தொடையில் இரண்டு விரலால் தட்டிக்கொண்டிருந்தேன், நிஜமாகவே. அப்போது பின்னாலிருந்து புஷ்பத்தின் குரல் கேட்டது. புஷ்பம் குழுவில் பதினொன்றாவது ஆள். கூட்டத்தில் வாயே திறக்க மாட்டாள்.

"நானும் பீச்சாங்கைதான" என்றாள். முகம் முழுக்கச் சிரிப்பு. "அது நாந்தான்."

"அதெப்படி நீயி? அந்த இடுப்பப் பாரு, அது நானு" என்று கிளம்பினாள் மாரியம்மா. "துண்டு கட்டு என்னுது" என்றாள் இன்னொருத்தி. மெம்பர் டீயைக் கையில் வைத்துக்கொண்டு ஆற விட்டார். போர்டில் இருப்பது யார் என்ற சண்டை இன்றுவரை தீரவில்லை. கடைக்கு வருகிறவர்களிடம் புஷ்பம் மட்டும் இடதுகையால் டீ ஆற்றிக் காட்டித் தன் கட்சியைச் சொல்கிறாளாம்.

செல்வி இந்தச் சண்டையில் சேரவில்லை. கூட்டம் கலைந்த பிறகு போர்டுக்குக் கீழே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டே இருந்தாள். நான் மெதுவாகப் பக்கத்தில் போனேன்.

"எப்படி இருக்கு?"

"மூக்கு யாரு மூக்குங்க அது?"

"அத விடு. மத்தது?"

செல்வி குனிந்து, தன் இடது முட்டியை அழுத்திவிட்டுக்கொண்டே சொன்னாள்: "இதப் பாத்தா எனக்கு முட்டி வலிக்கிது."

என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த பாராட்டுகளிலேயே பெரியது அதுதான். அதே வாக்கியத்தில் எனக்கு விழுந்த அடியும் பெரியது. இருபத்து நான்கு வருடமாக அந்த முட்டி என் வீட்டில்தான் இருக்கிறது. நான் காது வரைந்துகொண்டிருந்தேன்.

இப்போதெல்லாம் சாயங்காலம் வேலை முடிந்து வந்ததும் தைலப் புட்டியை நானே எடுத்து, செல்வியின் முட்டிக்குத் தேய்த்துவிடுகிறேன். திடீரென்று என்ன அக்கறை என்று சந்தேகமாகக் கேட்டாள்.

அனாட்டமி படிக்கிறேன் என்று சொல்லி வைத்திருக்கிறேன்.